மே மாதக் கடிதம்

கடிதம் மேசை இழுப்பறையில், உர மூட்டை ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது. ஆதார் அட்டையைத் தேடிய அபிதாவின் கையில் அது சிக்கியபோது, வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

அபிதாவின் கணவர் மகேஷ்குமாருக்கு ராஜாக்கமங்கலத்தில் உரக்கடை. ஆறு வருடம் ஓட்டிய காரைப் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் இனயம் கடற்கரையைச் சேர்ந்த ஸ்டெனிக்கு விற்றிருந்தார். விற்ற விவரம் கார் கம்பெனிக்குத் தெரியாது. அதனால் கடிதம் மகேஷ்குமார் பெயருக்கே வந்துவிட்டது.

இந்தக் கார் தயாரான வருடத்து வண்டிகளில் இன்ஜினுக்குள் ஓடும் ஒரு செயின் தளர்ந்துபோக வாய்ப்பு இருக்கிறதாம். போகிற போக்கில் இன்ஜின் நின்றுவிடலாமாம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்களாம்.

"சும்மா மாத்தித் தாறோம்ணுதானே எழுதியிருக்கான். இதை அவருகிட்ட சொல்லதுக்கு உங்களுக்கு என்ன மடி?" என்று கேட்டாள் அபிதா.

மகேஷ்குமார் தயங்கித் தயங்கிக் காரணம் சொன்னார். ஸ்டெனி லேசான ஆள் இல்லை. வாங்குவதற்கு முன் மூன்று தடவை வந்து பார்த்தவர். ஒரு தடவை மெக்கானிக்கைக் கூட்டிவந்து வண்டிக்கு அடியிலேயே படுக்க வைத்தவர். கடைசியில், ஏதாவது குறை உண்டா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார். ஒரு குறையும் கிடையாது என்று இவரும் அடித்துச் சொல்லிவிட்டார். இப்போது இந்தக் கடிதத்தோடு போய் நின்றால், தெரிந்தே தலையில் கட்டிவிட்டான் என்றுதானே நினைப்பார்? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிட்டால்?

கம்பெனிக்காரர்களே எப்படியும் அவரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அவருக்க பிள்ளைகள் ஏறுத வண்டியில்லா அது" என்றாள் அபிதா.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஸ்கூட்டர் சாவியையும் கடிதத்தையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

மகேஷ்குமார் புறப்பட்டார். உறையில் தபால் முத்திரைத் தேதி தெளிவாக இருந்ததால் அதைக் கிழித்துப் போட்டார். கடிதத்தின் மேல் மூலையில் இருந்த தேதியை உள்பக்கமாக மடித்துவிட்டார். மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று வழிநெடுக, ஸ்டெனி என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டு போனார்.

ஸ்டெனி சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து வீட்டு முன்னால் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்தபடி வந்தார். முற்றத்தில் நாற்காலி போட்டார். கட்டன் சாயா வந்தது.

மகேஷ்குமார் கடிதத்தை எடுத்து, விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஸ்டெனி கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. அது மடிந்திருந்த விதத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

"எப்பம் வந்திச்சு, அண்ணாச்சி?"

"நேத்துதான். பார்த்த உடனே வண்டியெடுத்து ஓடி வாறேன்."

ஸ்டெனி தலையாட்டினார். பிறகு, அந்த வேலை பத்து நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்.

மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக நாகர்கோவிலுக்குப் போகும்போது வில்லுக்குறி பக்கத்தில் இன்ஜின் நின்றுவிட்டதாம். பின்னால் வந்த லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன பிறகுதான் சர்வீஸ் சென்டரில் விஷயத்தைச் சொன்னார்களாம். இரண்டே நாளில் எல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மகேஷ்குமார் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"மகள்...?"

"அவ நல்லாருக்கா. சேர்ந்தாச்சு. நேத்துதான் ஹாஸ்டல்ல கொண்டு விட்டேன், இந்த வண்டியிலதான். இப்பம் சத்தமே இல்லாம ஓடுது, பாத்துக்கிடுங்க. கம்பெனிக்காரன் செய்த தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க, அண்ணாச்சி?"

எவ்வளவு மறுத்தும் ஸ்டெனி விடவில்லை. இவ்வளவு தூரம் வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். கடற்கரையில் இருந்து அப்போதுதான் சாளை மீன் வந்திருந்தது. அதைப் பார்க்க அடுக்களைக்குப் போகும்போது, கார் கதவு திறந்துதான் கிடக்கிறது, சர்வீஸ் ஃபைல் முன்சீட்டில் இருக்கிறது, அந்தக் கடிதத்தையும் அதிலேயே வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகேஷ்குமாருக்கு மனசு லேசானது. பயந்தது போல ஒன்றுமே நடக்கவில்லை. மகளும் நன்றாக இருக்கிறாள். அபிதாவுக்கு ஃபோன் போட்டு, எல்லாம் சுமுகமாக முடிந்தது, அவர் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னார்.

பிறகு காருக்குள் தலையை நீட்டி ஃபைலைத் திறந்தார். முதல் தாளே ஸ்டெனி சர்வீஸ் சென்டரில் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகல். முதல் உரிமையாளருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த நாள் மே நான்கு என்று அதில் அச்சாகியிருந்தது.

அதற்குக் கீழே, இன்ஜின் குறைபாடு பற்றி உங்களுக்குத் தகவல் கிடைத்ததா, வண்டியைக் கொண்டுவர ஏன் தாமதம் என்று ஒரு கேள்வி.

ஸ்டெனி தன் கைப்பட எழுதியிருந்தார்: "வண்டியை விற்ற அண்ணாச்சி கடிதம் கிடைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார். நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன்."