ஒரு டப்பா, இரண்டு முடிவு

நீலமேகத்தின் நுரையீரலில் இருந்தது காசநோய்க் கிருமியில்லை, அதன் பங்காளி. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. ஆய்வகத்தில் சளியை வாரக்கணக்கில் வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

வலைக்குப் போகுமுன் அவன் துப்பித் தரும் சளியை, மாதாமாதம் ஒரே டப்பாவில், மனைவி லோகநாயகி சுண்ணாம்புக்குளத்திலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். முடிவு மட்டும் இரண்டு வரும். ஒன்று அவனுடையது. இன்னொன்று நந்தினியுடையது. அவள் மூத்த தாரம். ஏரியில் மூழ்கி நான்கு வருடமாகிறது.

மாத்திரையை லோகநாயகியின் கண்ணெதிரே அவன்தான் விழுங்கினான். கிருமி குறைந்ததோ நந்தினிக்கு.

"வடிச்சுக் கொட்றது நானு, தேறி வர்றது உன் மூத்தவளா?" என்று லோகநாயகி கரித்துக்கொட்டினாள்.

பத்தாம் மாதம் அவனுக்குக் கிருமி பெருகியிருந்தது. நந்தினிக்கு ஒன்றுகூட இல்லை.

"அவளுக்கு நல்லாயிடுச்சா?" இருமலுக்கு நடுவே நீலமேகம் சிரித்தான். கல்யாணமான மூன்று வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து லோகநாயகி பார்த்ததில்லை.