சுண்டுவிரல் ரேகை

எண்பத்திரண்டு ஜூன் மாதம், அரியலூர் கோர்ட்டு, மாலை நாலே முக்கால் மணி. இலவச சட்ட உதவி அறையின் மின்விசிறி ஒரு சுற்று முடிப்பதற்குள் ஒரு சிவில் வழக்கே முடிந்துவிடும். அதன் கீழே, சம்பளமில்லாத ஒரு மாதப் பயிற்சிக்கு வந்திருக்கும் சட்ட மாணவி பூமாலை, கீழப்பழுவூர் காத்தாயியின் மனுவை எழுதி முடிக்கிறாள். ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் காத்தாயி குடியிருக்கும் மனை அடுத்தவர் பேருக்குப் போய்விடும். காத்தாயி இடது பெருவிரலை மையில் தோய்த்து வைக்கிறாள். காகிதத்தில் ரேகை இல்லை, நசுங்கிய நாவற்பழம்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் நெற்கதிரைப் பிடித்துப் பிடித்து விரல் கூழாங்கல்லாகிவிட்டது. ஆள்காட்டி விரலும் நாவற்பழம், நடுவிரலும் நாவற்பழம். மனு வாங்கும் குமாஸ்தா வேணுகோபால் கதவுப் பூட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறார். "ரேகை தெரியலன்னா வாங்க மாட்டேன்." பூமாலையின் நெற்றி வியர்வையில் ஏரியே நிரம்பும். காத்தாயி அவளைப் பார்க்கிறாள். "ஒனக்கு என்னா சம்பளம் கண்ணு?" "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்." "எங் கையிலயும் ஒருத்தி சும்மாதான் இருக்கா. கதிரைப் புடிக்கறப்பகூட ஒதுங்கி நிப்பா." சுண்டுவிரலை அழுத்துகிறாள். உழுத வயல்போல வரிவரியாக விழுகிறது ரேகை. வேணுகோபால் பூட்டை வைத்துவிட்டு முத்திரையைக் குத்துகிறார், காத்தாயியின் சுண்டுவிரலைக் காட்டுகிறார். "அடுத்த வாய்தாவுக்கும் இவளையே கூட்டிட்டு வாங்க."