காற்றாடிய பேட்டரி

மாமல்லபுரம் கடற்கரையில் மீன் ஏலம் விடும் கன்னியம்மாவின் காது மெஷின், அன்றும் நடு ஏலத்தில் உயிரை விட்டது. சுற்றி நின்றவர்கள் வாயசைத்தார்களே தவிர, யார் என்ன விலை கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வஞ்சிரம் மத்தி விலைக்குப் போனது.

"நாளைக்கும் இப்டி ஆனா வேற ஆளை வெச்சுக்குவேன்" என்றுவிட்டார் மீனுக்குச் சொந்தக்காரரான படகுக்காரர்.

மகன் பார்த்திபன் பேட்டரி வாங்கிய செங்கல்பட்டு கடைக்குப் போன் போட்டுக் கத்தியதில் கல்பாக்கம் காக்காயெல்லாம் பறந்தன.

"இன்னா சார் பேட்டரி விக்கிறீங்க? ஒரு வாரம் வரும்னீங்க, போட்ட மறுநாளே பூடுது!"

"ராத்திரியில மெஷின் மூடியைத் தொறந்து வைக்கிறீங்களா?"

"வெக்கிறோம்."

"ஸ்டிக்கரை உரிச்சதும் அஞ்சு நிமிஷம் காத்தாட விட்டுப் போடணும். ரொம்ப நேரம் விட்டா வீணாப் போயிடும்."

"அத எங்க நைனா கரெக்டா பாத்துக்குறாரு சார். உங்க சரக்குதான் டுபாக்கூரு!"

போனை வைத்தவன் அப்பா செங்கல்வராயனிடம் பாய்ந்தான். "நைனா, போன மாசம் மொத்தமா வாங்கியாந்தனே, மீதி பேட்டரிலாம் எங்க கீது? கடைக்காரன் மூஞ்சில வுட்டெறியறேன்!"

"மாடில கீது."

பார்த்திபன் மாடியேறினான். வலை விரித்து நெத்திலிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. நடுவே, ஸ்டிக்கர் உரித்த பேட்டரிகள் வெயிலில் பளபளத்தன.

"அஞ்சு நிமிஷ காத்துக்கே ஒரு வாரம் உழைக்கும்னா, ஒரு மாசம் காஞ்சா ஆயுசுக்கும் உழைக்காதா?" கீழேயிருந்து பெருமையாகக் குரல் கொடுத்தார் செங்கல்வராயன். "ஏறினதுதான் ஏறின, அப்டியே திருப்பிப் போட்டுட்டு வா. அந்தப் பக்கமும் காயட்டும்!"