இறுக்கமான பொத்தான்

"இதில் பொத்தானே இல்லை. வாயில் வைத்து இழுத்தால் போதும். மூட்டுவாதக் கைக்கு இதுதான் சுகம்," என்று எசன் நகரத்தில் மின்சிகரெட் விற்கும் வேப் கடைப்பெண் ஜெர்மன் மொழியில் சொன்னாள்.

சந்திரகாந்தி அதை வாங்கவில்லை. பாரமான, பொத்தான் இறுகிய ஒன்றை எடுத்து வந்தாள். லைட்டரைத் தட்ட முடியாமல் போன கணவர், இதையும் அழுத்த முடியாமல் புகையையே விட்டுவிடுவார் என்று நினைத்தாள்.

"கடையிலை இது ஒண்டுதான் கிடந்தது," என்று பொய் சொன்னாள்.

அரியரத்தினம் குறை சொல்லவில்லை. மாலையானால் சோபாவில் உட்கார்ந்து, வளைந்த விரல்களால் பொத்தானோடு மல்லுக்கட்டினார். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனம் குறுகுறுத்தது. பக்கத்தில் இருந்து எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கடைக்கு ஓடிப்போய், பொத்தான் இல்லாததை வாங்கிவந்து அவர் மடியில் வைத்தாள்.

"என்னை மன்னியுங்கோ. இது அண்டைக்கே கடையிலை கிடந்தது. நீங்கள் புகைக்கக் கூடாதெண்டுதான் மற்றதை வாங்கினனான்."

அவர் தலை குனிந்தார்.

"நான்தான் கள்ளன், காந்தி. அந்தப் பொத்தானை அமத்த ஏலாமல் முதல் கிழமையே புகையை விட்டிட்டன். நீர் பக்கத்திலை இருந்து விரல் நீவிவிடுறீர் எண்டுதான் சும்மா அமத்திக்கொண்டு இருந்தனான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் அவர் புதியதைக் கையில் எடுத்துவிட்டார்.

"என்ன லேசு! ஒருக்கா இழுத்துப் பாப்பமே?"

அவள் பறிப்பதற்குள் அறையெங்கும் வெள்ளைப் புகை பரவியது.