மந்திரியின் கைப்பலகை

கொரிய ராஜா மகாராணியை அரண்மனையை விட்டு விரட்டச் சொல்லிவிட்டார். சபையில் நின்ற அவளுடைய அப்பா, மந்திரிகள் கையில் ஏந்தும் தந்தப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிவி முன்னால் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

"பெத்த பொண்ணுய்யா! வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்யா!"

"அவர் பேச மாட்டார்ப்பா" என்றாள், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் வான்மதி. குரலில் கோபமே இல்லை.

போன தையில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அவளை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். தணிகாசலம் கையிலிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, காபி நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார்.

திரையில் ராணி வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள். பலகை அசையவில்லை.

"சவுண்டைக் கொஞ்சம் குறைம்மா" என்றார்.

"இப்போ சத்தமே இல்லையேப்பா."