போணி ஆகாத காலை

“இன்னொரு டீ சொல்லட்டுமா?” என்று துரைக்கண்ணு கேட்டதும் சூர்யகலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கடையில் எதிரே உட்கார்ந்திருந்த யூசுப் ஏற்கெனவே குடித்து வைத்த டம்ளர்களையே இன்னும் யாரும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நல்ல மனிதர். சிரித்துத் தலையாட்டினார்.

துருக்கியில் புர்சா என்ற ஊரிலிருந்து வந்திருந்தார். அதுவும் இந்த ஆரணி மாதிரி பட்டுக்குப் பேர்போன ஊர்தான். அவருடைய கம்பெனி ஸ்கார்ஃப் தைக்க ஆரணிப் பட்டுத் துணி கேட்டிருந்தது. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மாமனார் துரைக்கண்ணுவின் கையெழுத்துதான் பாக்கி.

பேனாவோ அவர் சட்டைப் பையை விட்டு வெளியே வருவதாக இல்லை.

சூர்யகலா கல்லாப் பக்கம் போய்க் குனிந்தாள்.

“மாமா, அவரு ஜல்தியா கெளம்பணும். போட்டுடுங்க.”

“போட மாட்டேன்னா சொல்றேன்? போணி ஆவட்டும்மா. சரக்கு போய் ரெண்டு மாசம் கழிச்சுதான் பணம் வரும். காலையில மொத யாவாரமே கடன்லயா?”

அவள் கைப்பையைத் திறந்தாள். நானே ஒரு துண்டு வாங்கிவிடுகிறேன் என்றாள்.

“நம்ம காசு நம்ம கல்லாவுக்கா? நல்லா இருக்குதே.”

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது. தெருவில் ஒரு கல்யாண வீட்டு வேன்கூடக் காணோம்.

இந்த மாதத்துக்காகத்தான் அவள் அலைந்து திரிந்து இந்த ஆர்டரைப் பிடித்திருந்தாள். கிடைத்தால், முள்ளிப்பட்டு கிராமத்தில் இவர்களுக்கு நெய்யும் தறிகள் ஆடியிலும் சும்மா கிடக்காது. நழுவினால், ஏற்றுமதியாவது ஒண்ணாவது என்று மாமா அவளை மறுபடி புடவை மடிக்க உட்கார்த்திவிடுவார்.

யூசுப்பிடமே ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் சென்னையில் பணம் கட்டிப் போன பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரரிடம் எதையும் வாங்கச் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பேரம் பிடிக்காது. சகுனம், ராசி என்று வாயே திறக்காதீர்கள்.

ஆகவே, கம்பெனி சீல் வீட்டில் இருக்கிறது, எடுக்க ஆள் போயிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு பொய் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் பார்த்தாள். சீல் மேசைமேலேயே உட்கார்ந்திருந்தது.

மெல்ல அதன்மேல் கைக்குட்டையைப் போட்டாள்.

யூசுப் கைக்குட்டையைப் பார்த்தார். வாசலை விட்டுக் கண் எடுக்காத துரைக்கண்ணுவைப் பார்த்தார். மூடியே கிடந்த கல்லாவைப் பார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

போச்சு. அடுத்து அவர் காஞ்சிபுரத்தில் ஒரு வியாபாரியைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இனி அந்த ஆளுக்குத்தான் அதிர்ஷ்டம்.

ஆனால் யூசுப் வாசலுக்குப் போகவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை உருவி, விலை கேட்டார்.

துரைக்கண்ணு சொன்னார்.

யூசுப் உச்சுக்கொட்டி, அதில் பாதி சொன்னார்.

பேரம் பிடிக்காதவரா இவர் என்றிருந்தது சூர்யகலாவுக்கு. மாமாவுக்கோ காலையிலிருந்து இல்லாத களை முகத்தில் வந்தது. ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு ஆங்கிலம், இருவருக்கும் பொதுவாகப் பத்து விரல். ஏறி இறங்கி, நடுவில் எங்கேயோ ஒத்துப்போனார்கள்.

ரூபாய் நோட்டு கைமாறியது. துரைக்கண்ணு அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

பேனா வெளியே வந்தது. கையெழுத்து விழுந்தது. சூர்யகலா கைக்குட்டையை எடுத்தாள். சீலும் விழுந்தது. வீட்டுக்குப் போன ஆள் எங்கே என்று யூசுப் கேட்கவே இல்லை.

உற்சாகம் தாங்காமல் துரைக்கண்ணு, வீட்டம்மாவுக்குப் பாருங்க என்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையை விரித்தார். யூசுப் நெஞ்சில் கைவைத்து, வேண்டாம் என்று தலை சாய்த்தார். வாசலில் கழற்றிய ஷூவை மாட்டினார். தெருவைக் கடந்து நேரே எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

எதிர்க்கடை கமலக்கண்ணனுடையது. இரண்டும் ஒருகாலத்தில் ஒரே கடை. கூட்டு பிரிந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சு கிடையாது.

“பாத்தியாம்மா? நம்ம டீயைக் குடிச்சுட்டு அவன்கிட்ட பூட்டான்.”

சற்று நேரத்தில் யூசுப் ஒரு புடவைப் பெட்டியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கமலக்கண்ணன் ஒரு நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது.

கார் கதவருகே போய்ச் சூர்யகலா கேட்டுவிட்டாள். எங்கள் புடவை பிடிக்கவில்லையா?

“உங்களுடையதுதான் அழகு. ஆனால் உங்களுக்கு முதல் வியாபாரம் ஆகிவிட்டதே. காலையிலிருந்து எதிர்க்கடைக்காரரும் தெருவைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?” என்றார் யூசுப். “தனக்கு ஆகிவிட்டால், அடுத்து வருகிற ஆளை என் அப்பா இன்னும் ஆகாத பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். புர்சாவில் எங்கள் கடைத்தெருவே அப்படித்தான்.”

கார் போய்விட்டது.

அவள் உள்ளே வந்து மாமாவிடம் அதைத் தமிழில் சொன்னாள். அவர், விரித்த புடவையை மடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் டீக்கடை எல்லப்பன் தட்டோடு வந்து நின்றார்.

“கெஸ்ட்டு பூட்டாரே. டீ யாருக்குங்க?”

துரைக்கண்ணு புடவையிலிருந்து தலை தூக்கவில்லை.

“எதிர்க்கடையில குடுத்துடு,” என்றார். “இது வேணாம். சக்கரை இல்லாம வேற போட்டுகினு போ. அவனுக்கு சுகரு.”