மிச்சக் கரண்ட்

“இன்னும் வாளி வரல்லையா உம்மா?”

குளிக்கிற அறைக்குள்ளிருந்து றுஸ்தா திரும்பவும் கேட்டாள்.

“வரும், வரும். மகாராணி மனசு வெச்சா வரும்” என்றாள் நதீரா. கையில் மகள் பெற்ற பச்சைப்பிள்ளை. கண்ணில் தூக்கமில்லாத எரிச்சல்.

மகாராணி என்றது மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவளுடைய சொந்த ராத்தாவை. மூத்தவள் றுக்ஸானா.

ஒரே வளவுதான். வாப்பா அதை இரண்டாகப் பிரித்து, மகள்மாருக்கு ஆளுக்கொரு சீதன வீடு கட்டிக் கொடுத்தார். றோட்டுப் பக்கம் மூத்தவளுக்கு, பின்பக்கம் இளையவளுக்கு. வாப்பா மௌத்தான பிறகு றுக்ஸானா மதில் கட்டினாள். நதீராவின் பாதை ஒடுங்கி, ஆட்டோ உள்ளே வர ஏலாமல் போயிற்று.

அன்றைக்கு நதீரா ஊர் கேட்கக் கத்தினாள்: “இனி அவட ஊட்டுப் பச்சத்தண்ணியும் எனக்கு ஹறாம்!”

சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு நோன்புக் கஞ்சிகூட மதில் தாண்டவில்லை.

ராத்தாவுக்கு இழுப்பு வருத்தம். புகை ஆகாது என்று டொக்டர் சொல்ல, அவள் புருஷன் பஸால் கூரை முழுக்க சோலர் பூட்டி, கரண்ட் அடுப்பும் வாங்கி வைத்தார். அதற்கும் நதீராவிடம் ஒரு கதை இருந்தது.

“இழுப்பாம் இழுப்பு! குசினிப் பக்கம் போகாம இரிக்கிறதுக்கு ஒரு சாட்டு.”

இந்த மாரியில் நதீராவுக்குச் சோதனை வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் கழியும்வரை சுடுதண்ணி வார்க்க வேண்டும். காஸ் முடிந்துவிட்டது. மருமகன் ஒலுவிலில் மீன்பிடிப் போட்டுக்குப் போகிறவன். கடல் கொந்தளித்துத் தொழில் இல்லை. ஈர விறகை ஊதி ஊதி நதீராவின் இடுப்பு ஒடிந்தது. ஒருநாள் ஏலாமல் பச்சைத்தண்ணியில் வார்த்துவிட்டாள். றுஸ்தாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, பிள்ளை பாலுக்குக் கத்தியது.

மறுநாள் வெயில் எறித்தது. பஸால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“மச்சி, சோலர் கரண்ட் மிஞ்சிப்போய்க் கிடக்கு. கரண்ட் கந்தோருக்குக் குடுத்தும் இப்ப பெரிசா ஒண்டும் வாறதில்ல. சும்மா போறதுக்கு, ஹீட்டரப் போட்டுத் தண்ணி சுட வெக்கிறம். உங்கட வாளியையும் தாங்க.”

“ராத்தா சொல்லி விட்டாவா?”

“சே! அவக்கு இது ஒண்டும் தெரியா. மிச்சக் கரண்ட்தானே.”

நதீரா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தனக்குத்தானே ஒரு பத்வா கொடுத்துக்கொண்டாள்.

“கிணறு என்ட. வெயில் அல்லாஹ்ட. இதில அவட எண்டு என்ன இரிக்கி?”

அன்றிலிருந்து, காலையில் அவளுடைய கிணற்றுத் தண்ணியோடு வாளி மதிலேறிப் போகும். மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்போது ஆவி பறக்கத் திரும்பி வரும். காய்ச்சல் போய் றுஸ்தா தெளிந்தாள்.

நன்றியா? அதற்கென்ன நன்றி!

“மிஞ்சினதத்தானே தாறா. மிஞ்சாட்டித் தருவாவா?” என்று வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் கதைத்தாள் நதீரா.

பிறகு மழை அடைத்துப் பிடித்தது. ஒருநாள் விழுந்த இடியில் வளவே அதிர்ந்தது. வாளி மட்டும் நிற்கவில்லை. “மழைக்கும் கொஞ்சம் கொஞ்சம் கரண்ட் வரும் மச்சி” என்றார் பஸால்.

“உம்மா, இப்ப தண்ணி புகை மணக்குதே?” என்றாள் றுஸ்தா.

“அவட கரண்டும் அவளப் போலதான். புகைஞ்சு புகைஞ்சுதான் வரும்.”

இன்றைக்கு அந்த வாளியும் வரவில்லை. லுஹர் கழிந்து அஸரும் ஆகப் போகிறது.

நதீராவுக்கு ஏறிவிட்டது. பிள்ளையை மகளிடம் கொடுத்து, முக்காட்டை இழுத்துப் போட்டாள்.

“இரி, கேட்டுட்டு வாறன். மிச்சத்தத் தாறதுக்கும் இவக்கு மனமில்லயா?”

மதில் கட்டிய பிறகு இன்றைக்குத்தான் ராத்தா வீட்டுக் கேற்றில் கை வைத்தாள்.

பஸால் முற்றத்தில் தென்னம்மட்டை கொத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் திடுக்கிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

“என்ன மச்சான், மிச்சக் கரண்ட் முடிஞ்சு போச்சா?”

அவருக்குப் பொய் சொல்லிக் களைத்துவிட்டது போலிருந்தது.

“என்னத்த மச்சி மிச்சம்? இடி விழுந்த அண்டைக்கே சோலர் மெசின் எரிஞ்சு போச்சு. ஹீட்டரும் போச்சு, அடுப்பும் போச்சு. அதச் சொன்னா நீங்க வாளி தரமாட்டீங்களாம். ராத்தா என்ன வாயத் திறக்க விடல்ல.”

“அப்ப... தண்ணி?”

பஸால் தங்கள் வளவுக் கிணற்றடியைக் காட்டினார்.

தகரத்துக்குக் கீழே மூன்று கல் அடுப்பு. ஈர மட்டை பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்தது. முன்னால் றுக்ஸானா குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தாள். ஒரு ஊது ஊதுவாள். பிறகு மடியிலிருக்கிற இழுப்புப் பம்பை எடுத்து வாயில் வைப்பாள். திரும்பவும் ஊதுவாள்.

“ராத்தா” என்று நதீரா கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

றுக்ஸானாவுக்குக் கேட்டது. அவசரமாக எழும்பினாள். நின்றபடியே சீலையை விரித்து அடுப்பை மறைத்தாள். நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது.

“இண்டைக்கு வெயில் காணா புள்ள... அதான் கரண்ட் சுணங்கிப் போச்சு.”